சேம் சைடு

ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைக்காரர்கள் வருகிறார்கள்.
புதன்கிழமை ராத்திரியே
காரைக்குடி காலேஜ் ரோட்டுப் பரோட்டாக் கடையில்
மேட்ச் தொடங்கிவிட்டது.

சால்னா வாளி நடுக்கோடு.
நாலு தண்ணீர் டம்ளர் டிஃபன்ஸ்.
உப்புக் கிண்ணத்தை எடுத்து முன்னே வைக்கிறார்
மின்வாரியத்து அடைக்கலம்:
"இவன்தான் நம்ம ஸ்ட்ரைக்கர். செகண்ட் இயர் பி.காம்.
ரெண்டு காலும் பேசும்."
"காலு பேசும், தலை ஊமை" என்கிறான் ஜபருல்லா.
பந்து உயரத்தில் வந்தால்
பையன் கண்ணை மூடிக்கொள்கிறானாம்.

இலை பாதி காலியானதும்
பழைய ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.
லெஃப்ட் அவுட் வயிரவன்.
அவன் கோல் போட்டுத் திரும்பிய பிறகுதான்
அவன் கிளப்பிய செம்மண் தரையில் இறங்கும்.
இப்போது ஈப்போவில் ஏதோ கடைக் கணக்கு.
கோலி சொர்ணலிங்கம்,
சித்தாளாக நின்ற சம்பளத்தில் வாங்கிய
கொத்தனார் கையுறையோடு
பெனால்டி பிடித்தவன்.
போலீஸில் சேர்ந்து தொப்பை விழுந்துவிட்டது.
ஒவ்வொரு பெயருக்கும்
வாய்க்குப் போன பரோட்டாவை
வழியில் நிறுத்தி வைக்கிறார் அடைக்கலம்.

நான் காத்திருக்கிறேன்.
ரைட் பேக். மூன்று வருஷம்.
ஆஃப் பாயிலின் மஞ்சளை உடைக்காமல்
ஓரமாகவே தின்றுகொண்டு.
அந்த டீமுக்கு வலது பக்கம் என்று ஒன்று இருந்ததே
இவர்களுக்கு ஞாபகமில்லை.

"எல்லாம் சரி. அந்த ஃபைனல்ல
கடைசி ரெண்டு நிமிஷம் இருக்கயில
கெடுத்தானே ஒருத்தன்."
"சவரி."
"ஆமா, சவரிராயன். பள்ளத்தூரு."
"சேம் சைடுல தலையால
அவ்வளவு சுத்தமா எவனாச்சும் கோல் போடுவானா?"
"காசு வாங்கிட்டான்யா" என்கிறார் மாஸ்டர்
மாவை வீசியபடி.
அந்த வருஷம் அவர் திருப்பூரில் இருந்தார்.

மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை அன்று.
பந்து கனத்திருந்தது.
கார்னரிலிருந்து வந்தது.
சவரி குதித்தான். நானும் குதித்தேன்.
பட்டது என் நெற்றியில்.
வலை அசைந்த பின்
அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.
நான் நின்றுகொண்டிருந்தேன்.
அவ்வளவுதான்.
உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தது ஊர்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் இருந்தான்.
ஆரஞ்சு உரித்தான்.
எண்ணிப் பார்த்தேன், ஒன்பது சுளை.
ஐந்தை எனக்குத் தந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன்,
அதற்கு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

பன்னிரண்டு வருஷம்.
பகலில் நகைக்கடன் கவுண்டரில்
அடுத்தவர் சங்கிலியை உரைத்து
மாற்றுச் சொல்கிற வேலை எனக்கு.

"அதெல்லாம் ரத்தம்ப்பா" என்கிறான் ஜபருல்லா.
"இந்தப் பய யாருன்னு நெனச்ச?"
உப்புக் கிண்ணத்தைச் சுண்டுகிறான்.
"சவரிக்கு அக்கா மகன்.
'காலால என்ன வேணாப் பண்ணு,
தலைய மட்டும் குடுக்காதே'ன்னு
மாமன் சொல்லிச் சொல்லியே வளத்திருக்கான்."
சிரிக்கிறார்கள்.
மாஸ்டர்கூட.

சிரித்து முடித்து அடைக்கலம் என் பக்கம் திரும்புகிறார்.
"சார், நீங்களும் அப்ப டீம்லதானே?
பக்கத்துல இருந்து பாத்திருப்பீகளே?"

கல்லில் எண்ணெய் சடசடக்கிறது.
ஒரு பஸ் புதுவயல் பக்கமாகப் போகிறது.

"மழைங்க," என்கிறேன்.
"சரியாத் தெரியல."

மஞ்சளை உடைத்தேன்.
உப்பில்லை.
கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது,
நாலு டம்ளருக்கு அந்தப் பக்கம்,
தனியாக,
கோலைப் பார்த்தபடி.